டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி இதைப் பார்த்தீங்களா? ஷவர் டைவர்ட்டர் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை!

பாத்ரூமைப் புதுப்பிக்கலாம்னு முடிவு பண்ணினதும் பெரும்பாலானோர் முதலில் போவது டைல்ஸ் கடைக்குத்தான். எந்த நிறம், மேட்டா கிளாஸியா, சுவரில் எத்தனை அடி உயரம் என்று வாரக்கணக்கில் யோசிக்கிறோம். ஆனால், அந்த டைல்ஸுக்குப் பின்னால் சுவருக்குள் புதையப்போகும் ஷவர் டைவர்ட்டரைப் பற்றிக் கடைசி நாளில், "அதெல்லாம் பிளம்பர் பார்த்துப்பாரு" என்று விட்டுவிடுகிறோம்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. டைல்ஸில் கீறல் விழுந்தால் கண்ணில் படும். சுவருக்குள் ஒரு ஜாயின்ட் கசிந்தால், பல மாதங்கள் கழித்துப் பக்கத்து அறைச் சுவரில் பெயின்ட் உப்பும். ஃபிளாட்டாக இருந்தால், கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். அப்போது சரிசெய்ய ஒரே வழி, ஆசையாக ஒட்டிய டைல்ஸை உடைப்பதுதான். சில நூறு ரூபாய் ஜாயின்ட் வேலை, பல ஆயிரம் ரூபாய் செலவாக மாறும்.

இதைத் தவிர்க்க நீங்கள் பிளம்பிங் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. டைல்ஸ் ஒட்டும் முன் என்னென்ன கேட்கணும், எதையெல்லாம் கண்ணால் பார்க்கணும் என்று தெரிந்தால் போதும்.

டைவர்ட்டர்னா என்ன?

பழைய பாத்ரூம்களில் சுவருக்கு வெளியே தெரிகிற மாதிரி இரண்டு திருகுகளோடு இருக்குமே, அது வால் மிக்சர். சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இணைப்புகளுக்கு இடையே 150 மி.மீ., அதாவது 6 அங்குல இடைவெளி இருக்கும். கெட்டுப்போனால் ஸ்பேனரால் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை.

இப்போது பலரும் கேட்கும் 'கன்சீல்டு டைவர்ட்டர்' அப்படியல்ல. இது இரண்டு பாகம். ஒன்று, சுவருக்குள் புதைகிற பித்தளை பாடி. மற்றொன்று, வெளியே தெரிகிற பிளேட்டும் கைப்பிடியும். பாடிக்குள் 'கார்ட்ரிட்ஜ்' என்ற சின்ன உருளை இருக்கும். அதில் உள்ள செராமிக் தட்டுகள் நகர்ந்துதான் தண்ணீரைத் திறக்கின்றன, மூடுகின்றன, சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கின்றன. ஷவருக்குப் போகணுமா, கீழே ஸ்பவுட்டுக்குப் போகணுமா என்று திருப்பிவிடுவது பட்டன் அல்லது குமிழ்.

பார்க்க அழகு, துடைக்கச் சுலபம். ஆனால், பாடி சுவருக்குள் போய்விட்டால் அடுத்த பல வருடங்களுக்கு அதை வெளியே எடுக்க முடியாது. வாடகை வீடு, சீக்கிரம் விற்கப்போகும் வீடு, மிக மெல்லிய சுவர் போன்ற இடங்களில் வெளியே தெரியும் வால் மிக்சரே புத்திசாலித்தனம். அதைப் பழைய ஃபேஷன் என்று ஒதுக்க வேண்டாம்.

கடைக்குப் போகும் முன்: உங்க வீட்டுத் தண்ணிக்கு எவ்வளவு வேகம்?

ஷோரூமில் ரெயின் ஷவர் கொட்டுகிற வேகத்தைப் பார்த்து மயங்கி வாங்கி, வீட்டில் மாட்டினால் சொட்டுச் சொட்டாக விழுகிறது என்ற புலம்பல் ரொம்ப சகஜம். தப்பு ஷவர் மீது இல்லை. ஷோரூமில் பம்ப் ஓடுகிறது, வீட்டில் மாடித் தொட்டிதான் இருக்கிறது.

கணக்கு சுலபம். தண்ணீரின் உயரம் 10 மீட்டர் என்றால் அழுத்தம் சுமார் 1 பார். தொட்டியில் உள்ள தண்ணீர் மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே 3 மீட்டர்தான் என்றால், கிடைப்பது 0.3 பார். கடைசி மாடி வீடுகளில் இதுதான் நிலைமை. ஒவ்வொரு மாடி கீழே வரும்போதும் சுமார் 0.3 பார் கூடும். நான்கு தளக் கட்டடத்தின் தரைத்தளத்தில் 1.2 பார் வரை வரலாம். அதிலும் பைப்பின் நீளத்திலும் வளைவுகளிலும் கொஞ்சம் குறையும்.

இப்போது வாங்கப்போகும் ஷவர், டைவர்ட்டர் பெட்டிகளைப் பாருங்கள். குறைந்தபட்ச அழுத்தம் இவ்வளவு தேவை என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் 0.3 பார் வந்து, பெட்டியில் 1 பார் என்று இருந்தால், வாங்குவதற்கு முன்பே பிரஷர் பம்ப் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். பழைய ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, அந்தக் குழாயின் கீழ் வாளியைப் பிடித்துத் திறந்துவிடுங்கள். 15 லிட்டர் வாளி நிரம்ப 2 நிமிடம் ஆனால், நிமிடத்துக்கு 7.5 லிட்டர்தான் வருகிறது. அதற்கு மேல் கேட்கிற ஷவர் அங்கே நன்றாக வேலை செய்யாது.

15 லிட்டர் கீசர் போதுமா?

ஷவர் பெரிதானால் கீசரும் யோசனைக்கு வரணும். கீசரில் 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் 15 லிட்டர் இருக்கிறது, தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க இதமான 40 டிகிரிக்குக் கலந்தால் மொத்தம் சுமார் 40 லிட்டர் கிடைக்கும்.

நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் ஷவரில் அது 5 நிமிடம் வரும். 12 லிட்டர் விடும் ஷவரில் 3 நிமிடம் கொஞ்சம் அதிகம். 20 லிட்டர் கொட்டும் பெரிய ரெயின் ஷவரில் 2 நிமிடத்தில் காலி. தலைக்கு ஷாம்பு போட்டு அலசுவதற்குள் பச்சைத் தண்ணீர் வந்துவிடும். எனவே 'ஹை ஃப்ளோ' டைவர்ட்டர் எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. கீசரும் பைப் அளவும் அதற்கு ஏற்றபடி இருந்தால்தான் அதனால் பயன்.

சுவரில் கை வைக்கும் முன்…

ஃபிளாட் வாங்கி 5 வருடம் ஆகவில்லை, பாத்ரூமில் ஏற்கெனவே கசிவும் இருக்கிறது என்றால், உடனே உடைக்க வேண்டாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3)-ன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணம் இல்லாமல் சரிசெய்ய வேண்டும். முதலில் போட்டோ எடுத்து, எழுத்து மூலம் தெரிவியுங்கள். நீங்களே உடைத்து மாற்றிவிட்டால், குறை யாருடையது என்ற வாக்குவாதம் வரும்.

அடுத்து, எங்கே காடி வெட்டப்போகிறார்கள் என்பதைப் பாருங்கள். செங்கல் சுவரில் பைப்புக்குக் காடி வெட்டுவது வழக்கம். ஆனால், கான்கிரீட் தூணிலோ பீமிலோ வெட்டவே கூடாது. "கொஞ்சம்தான் சார், கம்பி தெரியாது" என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். நாலரை அங்குலச் சுவராக இருந்தால், டைவர்ட்டர் பாடியின் ஆழத்தை முதலில் அளந்து பாருங்கள். சுவரில் பாதிக்கு மேல் தோண்ட வேண்டியிருந்தால், வேறு சுவரோ வேறு மாடலோ தேடுவது நல்லது.

எந்த பைப்? சுடுதண்ணி எந்தப் பக்கம்?

சுடுதண்ணீர் போகும் வழியில் சாதாரண பிவிசி, யூபிவிசி பைப் வரவே கூடாது. சூட்டில் அவை இளகிவிடும். சிபிவிசி பைப்தான் போடணும். அதற்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15778. பைப்பின் மேலேயே அச்சடித்திருக்கும். அதைப் பார்த்தாலே போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பைப் சரியாக இருந்தாலும் பசையில் கோட்டை விடுவார்கள். சிபிவிசிக்குத் தனி சால்வென்ட் சிமென்ட் உண்டு. கையில் இருக்கிறதே என்று பிவிசி பசையைத் தடவினால், அன்றைக்கு ஒட்டிக்கொள்ளும், சுடுதண்ணீர் ஓட ஓட விட்டுவிடும். டப்பாவைக் காட்டச் சொல்லி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டைவர்ட்டரோடு சேரும் இடத்தில் பித்தளை மரை உள்ள சிபிவிசி ஃபிட்டிங் போடணும். வெறும் பிளாஸ்டிக் மரையை இறுக்கினால் மயிரிழை அளவுக்கு விரிசல் விடலாம். மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் போதும்.

வழக்கமாக, உங்களைப் பார்த்தபடி இருக்கும் டைவர்ட்டரில் இடது பக்கம் சுடுதண்ணீர், வலது பக்கம் பச்சைத் தண்ணீர். மேல் வாய் ஷவருக்கு, கீழ் வாய் ஸ்பவுட்டுக்கு. பாடியிலேயே குறி இருக்கும். தலைகீழாகப் பொருத்திவிட்டு டைல்ஸ் ஒட்டிய பிறகு கண்டுபிடிப்பதும் நடக்கிறது. இணைக்கும் முன் அந்தக் குறியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: சுடுதண்ணீர் லைனுக்கும் பச்சைத் தண்ணீர் லைனுக்கும் பாத்ரூமிலேயே தனித்தனி ஸ்டாப் காக் இருக்கட்டும். நாளைக்குக் கார்ட்ரிட்ஜ் மாற்ற மொட்டை மாடிக்கு ஓடி மொத்தக் கட்டடத் தண்ணீரையும் நிறுத்த வேண்டியிருக்காது.

ஆழம்தான் எல்லாம்!

டைவர்ட்டர் வேலையில் மிக அதிகமாகத் தப்பாகும் இடம் இதுதான். பாடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸின் வெளிப்பரப்பு அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் வந்து நிற்கணும். செங்கல் அல்ல, பூச்சு அல்ல, டைல்ஸின் வெளிப்பரப்பு.

பிளம்பர் வேலை செய்யும் நாளில் சுவரில் டைல்ஸ் இல்லை. எனவே கணக்குப் போட்டுத்தான் வைக்கணும். பூச்சு 12 மி.மீ., டைல்ஸ் பசை 5 மி.மீ., டைல்ஸ் 9 மி.மீ. என்றால் மொத்தம் 26 மி.மீ. வெறும் செங்கலிலிருந்து இவ்வளவு வெளியே வரும் பரப்பை மனதில் வைத்து பாடியைப் பொருத்தணும். அதனால், பிளம்பர் வருவதற்கு முன்பே டைல்ஸ் வாங்கி ஒரு துண்டாவது வீட்டில் இருக்கணும். டைல்ஸ் போடுகிறவர் பசையில் ஒட்டுவாரா, சிமென்ட் கலவையிலா என்பதும் தெரியணும். சிமென்ட் கலவை என்றால் கனம் கூடும்.

பாடி ரொம்ப உள்ளே போய்விட்டால், கைப்பிடி எட்டாது. எக்ஸ்டென்ஷன் கிட் தேட வேண்டிவரும், எல்லா மாடலுக்கும் அது கிடைக்காது. ரொம்ப வெளியே வந்துவிட்டால், பிளேட் சுவரோடு உட்காராது. அந்த இடுக்கு வழியாகக் குளிக்கும் தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

பாடியை ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் முக்கியம். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் டைல்ஸ் கோட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கோணல் தினமும் கண்ணை உறுத்தும். உயரத்தை அளக்கும்போது இப்போதைய தரையிலிருந்து அளக்காமல், புதுத் தரை டைல்ஸ் முடிந்த பிறகு வரும் மட்டத்திலிருந்து அளக்கணும். பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டும் வீடுகளில் தரை உயர்ந்துவிடும். வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால், கைப்பிடி அவர்களுக்கு எட்டுகிறதா என்று நிற்க வைத்தே குறி போடலாம்.

பிரஷர் டெஸ்ட்: இதை மட்டும் விட்டுடாதீங்க

பைப் போட்டாச்சு. "தண்ணி விட்டுப் பார்த்தாச்சு சார், ஒரு சொட்டு இல்லை. கொத்தனாரைப் பூசச் சொல்லலாமா?" என்பார் பிளம்பர். இங்கே ஒரு நாள் பொறுக்கணும்.

தொட்டித் தண்ணீர் 0.3 பார், 0.5 பார் அழுத்தத்தில்தான் வரும். அந்த அழுத்தத்தில் கசியாத ஜாயின்ட், நாளைக்கு பிரஷர் பம்ப் மாட்டி 2 பாருக்கு மேல் வரும்போது கசியலாம். எனவே கையால் அடிக்கும் டெஸ்ட் பம்ப் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் அழுத்தம் காட்டும் மீட்டர் இருக்கும். சிபிவிசி பைப்புகளுக்கு வழக்கமாக 10 பார் வரை ஏற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். முள் இறங்கக் கூடாது. டைவர்ட்டர் பாடியையும் சேர்த்துச் சோதித்தால், அதன் கையேட்டில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது.

கவனிக்க வேண்டியவை நான்கு:

* பசை காய்வதற்கு டப்பாவில் எவ்வளவு நேரம் போட்டிருக்கிறதோ, அதுவரை காத்திருந்த பிறகே அழுத்தம் ஏற்றணும்.
* கீசரைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு இணைப்புகளையும் ஒரு குழாயால் சேர்த்துவிட்டால், சுடுதண்ணீர் லைனும் சேர்ந்து சோதனையாகும்.
* ஷவர், ஸ்பவுட் வாய்களில் டம்மி பிளக் போட்டு, டைவர்ட்டரைத் திறந்து வைத்து, குமிழை இரண்டு பக்கமும் திருப்பிச் சோதிக்கணும். டைவர்ட்டர் மூடியிருந்தால், அதற்கு மேலே போகும் பைப்பில் தண்ணீரே ஏறாது. குளிக்கும்போது மட்டும் கசியும் ஜாயின்ட்கள் இப்படித்தான் தப்பிவிடுகின்றன.
* சோதனை தண்ணீரால்தான் நடக்கணும். கம்ப்ரஸர் காற்றால் ஏற்றினால், பிளாஸ்டிக் பைப் உடையும்போது வெடித்துச் சிதறும்.

முள் அசையாமல் நின்றதா? இப்போது மொபைலை எடுங்கள். சுவரில் அளவு டேப்பை நீட்டி வைத்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் பைப் எங்கே போகிறது என்று தெரியும்படி நான்கைந்து போட்டோ எடுத்து, கூகுள் டிரைவிலோ மெயிலிலோ போட்டு வையுங்கள். மூன்று வருடம் கழித்து டவல் ராடு மாட்ட டிரில் போடும்போது, அந்தப் போட்டோதான் பைப்பைக் காப்பாற்றும்.

பூச்சுக்குப் பிறகு

பூசிய பிறகு, டைல்ஸுக்கு முன், குளிக்கும் பகுதியில் சுவருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு தேவை. தரைக்கு மட்டும் அடித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். டைவர்ட்டர், ஷவர், ஸ்பவுட் வெளியே வரும் இடங்களைச் சுற்றிக் கவனமாக அடிக்கணும்.

டைல்ஸில் துளை போடும்போது, பிளேட் முழுவதும் மூடும் அளவுக்கு மட்டுமே வெட்டணும். பிளாஸ்டிக் மூடியை டைல்ஸ் வேலை முடியும்வரை கழற்றக் கூடாது. கலவையும் டைல்ஸ் தூளும் உள்ளே விழும்.

கடைசியாகக் கைப்பிடி மாட்டும் முன் லைனைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டுக் கழுவணும். எப்படி என்று கையேட்டில் இருக்கும். பைப்பில் தங்கிய மணல் துகள் கார்ட்ரிட்ஜின் செராமிக் தட்டைக் கீறிவிட்டால், புது டைவர்ட்டர் முதல் வாரமே சொட்ட ஆரம்பிக்கும். பிளேட்டைச் சுற்றி மேலேயும் இரண்டு பக்கமும் சிலிகான் அடித்து, அடியில் மட்டும் சின்ன இடைவெளி விடுவது நல்லது. உள்ளே கசிவு வந்தால் அந்த வழியாக வெளியே தெரிந்துவிடும்.

சுடுதண்ணீர்: அலட்சியம் வேண்டாம்

60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தோல் மெல்லியது, சட்டென்று விலகவும் முடியாது. ஷவரில் குளிக்கும்போது வேறு யாராவது பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால், ஷவரில் சூடு திடீரென ஏறலாம். குழந்தைகள், பெரியவர்கள் உள்ள வீட்டில் கீசர் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைக்கலாம். பட்ஜெட் இருந்தால், வெப்பத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டிக் மிக்சர் வாங்கலாம்.

கைப்பிடியைத் திறந்து வைத்துவிட்டு, ஹேண்ட் ஷவர் முனையில் மட்டும் மூடும் பழக்கமும் வேண்டாம். அப்போது டைவர்ட்டருக்குள்ளேயே சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றின் லைனுக்குள் மற்றொன்று போகும். 'வாஷ் பேசின்ல பச்சைத் தண்ணி திறந்தா சூடா வருது' என்றால், காரணம் இதுவாக இருக்கலாம்.

கீசரின் சேஃப்டி வால்வில் எப்போதாவது தண்ணீர் சொட்டுவது அதன் வேலை. சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடுவது ஆபத்து.

பின்னாளில் கசிந்தால்?

கசிவு எங்கே என்பதை வைத்தே பாதிக் காரணம் தெரிந்துவிடும். மூடிய பிறகும் ஷவரில் சொட்டிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ்தான். முன்பக்கக் கைப்பிடியைக் கழற்றியே மாற்றிவிடலாம், டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் இது சீக்கிரமே வரலாம். எனவே, வாங்கும்போதே அந்த மாடலுக்குக் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, பில்லையும் மாடல் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள்.

சுவரில் ஓதம் எப்போதும் இருந்தால், சந்தேகம் அழுத்தம் எந்நேரமும் உள்ள சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் லைன்கள் மீது. குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால், ஷவருக்கு ஏறும் பைப், பிளேட்டின் இடுக்கு, டைல்ஸ் இடைவெளி, தரை ஆகியவற்றைப் பார்க்கணும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னாலே, பிளம்பர் கண்ட இடத்தில் உடைப்பது குறையும்.

மொத்தத்தில்…

பிளம்பர், கொத்தனார், டைல்ஸ் போடுகிறவர் மூவரும் தனித்தனி நாளில் வருகிறார்கள். ஒருவர் வேலையை அடுத்தவர் மூடிவிட்டுப் போகிறார். எல்லாவற்றையும் முழுதாகப் பார்க்கிற ஒரே ஆள் வீட்டுக்காரர்தான். ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு போட முடியும் என்றால், அதை டைல்ஸ் ஒட்டும் நாளுக்குப் போடாதீர்கள், பிரஷர் டெஸ்ட் நடக்கும் நாளுக்குப் போடுங்கள். பேசும் கூலியிலேயே 'டெஸ்ட் முடிந்த பிறகே பூச்சு' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அன்றைக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.